பத்தொன்பதாவது இன்னிங்ஸ்

2011 ஜூலை 27, புதன்கிழமை. ஆடி மாதச் சாரல் விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. காலை பதினொன்று இருபது மணிக்குக் கோத்தகிரி பேருந்து நிலையத்தில் நின்றபடி, கையிலிருந்த சின்ன போனில் ஓர் அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தின் கடைசி வரியைப் படித்தேன். அட்லாண்டா 4, பிட்ஸ்பர்க் 3. ஆட்டம் முடிந்தது.

அந்த ஆட்டம் எங்கள் நேரப்படி விடிகாலை நாலே முக்காலுக்கு முன்பே தொடங்கியிருந்தது. அப்போது நான் தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். ராத்திரி முழுக்கத் தொட்டியில் வாடிய இலையை அரைவைக்கு இறக்குகிற நேரம் அது. இலை இறங்கும் இடைவெளிகளில் போனை எடுத்துப் பார்ப்பேன். படம் வராது. எழுத்து மட்டும்தான், அதுவும் சிக்னல் கிடைத்தால். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி. பேஸ்பாலில் ஓர் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். ஸ்கோர் சமமாக இருந்தால் யாராவது ஜெயிக்கும்வரை நீளும். அன்று 3-3 என்று நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஷிஃப்ட் முடிந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கவில்லை. ஏதோ வேலையாகக் கடைவீதிக்கு வந்தேன். அப்போதும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மொத்தம் 6 மணி 39 நிமிடம். அங்கே அட்லாண்டாவில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணி ஆகப்போகிறது.

தோற்றோம், சரி, என்று போனைப் பையில் போட்டுக்கொண்டேன். தோல்வி எனக்குப் பழக்கம்தான். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ரசிகனுக்கு அது பழகாமல் எப்படி?

சாயங்காலம் பிரவுசிங் சென்டருக்குப் போனபோதுதான் கடைசிப் பந்தின் வீடியோவைப் பார்த்தேன். பத்தொன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி. மூன்றாவது பேஸில் அட்லாண்டாவின் ஹூலியோ லூகோ. அங்கிருந்து ஓடிவந்து, மட்டைக்காரர் நிற்கும் இடத்திலிருக்கும் ஹோம் பிளேட்டைத் தொட்டால் ரன், ஆட்டம் அவர்களுக்கு. அதற்குள் பந்தால் அவரைத் தொட்டுவிட்டால் அவுட். மட்டையோடு நிற்பவர் ஸ்காட் புராக்டர், அவரே ஒரு பிட்ச்சர், அதாவது பந்தெறிகிறவர். அடித்த பந்து தரையோடு உருண்டு மூன்றாவது பேஸ்காரர் பெட்ரோ ஆல்வரெஸிடம் போகிறது. அவர் எடுத்து நேராக ஹோம் பிளேட்டுக்கு எறிகிறார். கேட்சர் மைக்கேல் மெக்கன்ரி பந்தை வாங்கும்போது லூகோ இன்னும் எட்டாத தூரத்தில் இருக்கிறார். சறுக்கி வருகிற அவருடைய காலை மெக்கன்ரியின் கையுறை தொடுகிறது. நன்றாகத் தெரிகிறது. அம்பயர் ஜெர்ரி மீல்ஸ் இரண்டு கையையும் விரிக்கிறார். சேஃப், அதாவது அவுட் இல்லை.

அந்த வீடியோவை எத்தனை தடவை ஓட்டினேன் என்று நினைவில்லை. அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்திருந்தேன், அது முழுக்க அதிலேயே போனது.

மறுபடியும் வீடியோவைப் பார்த்த அம்பயரே, கால்பக்கம் தொட்டிருக்கலாம் போலத்தான் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். லீக் நிர்வாகமும் அடுத்த நாள் தீர்ப்பு தவறு என்று வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் ஆட்டக்கணக்கில் 4-3 அப்படியே இருந்தது. இன்றும் அப்படியேதான் இருக்கிறது. அந்த ஜூலையில் எங்கள் அணி தன் பிரிவின் உச்சிக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தது. அதன்பிறகு சரிந்த சரிவில் 72 வெற்றி, 90 தோல்வி என்று அந்த ஆண்டை முடித்தது. ஒரே ஒரு தீர்ப்பால் அத்தனையும் போயிற்று என்று நான் சொல்லமாட்டேன். பந்துவீச்சு தளர்ந்தது, அடியும் ஓய்ந்தது. ஆனால் பத்தொன்பது இன்னிங்ஸ் உழைத்தவனிடம் அப்படி ஒரு முடிவைக் கொடுத்தால் அவனுக்குள் ஏதோ ஒன்று உடையும். அது எனக்குத் தெரியும்.

கோத்தகிரிக்காரனுக்கும் பிட்ஸ்பர்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். 2008 நவம்பரில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். ஈட்டி எறிபவர்கள். வேகமாகப் பந்தெறியும் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் தேறி, அமெரிக்காவில் சில மாதம் பயிற்சி எடுத்து, பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அதற்குமுன் பேஸ்பாலைக் கையால் தொட்டதில்லை. அவர்கள் கீழ்நிலை லீக்கில் எறிவதைத் தேடித் தேடிப் படித்தேன். தினேஷ் சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார். ரிங்கு சில ஆண்டுகள் ஆடினார், காயத்தோடு போராடினார், பிறகு மல்யுத்தத்துக்குப் போய்விட்டார். இருவரும் பெரிய லீக்கை எட்டவில்லை. ஆனால் அதற்குள் நான் அணியோடு ஒட்டிக்கொண்டுவிட்டேன். காசு குறைவான அணி, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் பட்டமான உலகத் தொடரை 1979-க்குப் பிறகு ஜெயிக்காத அணி. 1993 தொடங்கி 2012 வரை இருபது ஆண்டுகள், ஓர் ஆண்டுகூட வெற்றி தோல்வியைவிட அதிகமானதில்லை. அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகள் எதிலும் இவ்வளவு நீண்ட தோல்வி வரிசை வேறு அணிக்கு இல்லை.

அம்பயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே ஒரு பதில் தயாராக வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. தோற்கிற அணி எல்லாவற்றுக்கும் அம்பயரைக் குறை சொல்லும் என்பது உண்மைதான். ஆனால் கூடம் கோணலாகவே இருந்தால் என்ன செய்வது? கூடத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

பேஸ்பாலில் அம்பயரின் பெரிய வேலை சேஃப், அவுட் சொல்வது இல்லை. ஸ்ட்ரைக்கா பாலா என்று சொல்வது. பிட்ச்சர் 60 அடி 6 அங்குலம் தள்ளி நின்று எறிகிறார். ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதன் மேலே, மட்டைக்காரரின் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்கிறது. மட்டை வீசாமல் விட்ட பந்து அந்தப் பெட்டிக்குள் போனால் ஸ்ட்ரைக், வெளியே போனால் பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் மட்டைக்காரர் அவுட், நான்கு பால் ஆனால் முதல் பேஸ் அவருக்கு இலவசம். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வருகிற பந்து அந்தத் தூரத்தைக் கடக்க அரை நொடிகூட ஆவதில்லை. கடைசி நேரத்தில் வளைகிறது, இறங்குகிறது. கேட்சர் வேறு, வெளியே போன பந்தைப் பிடித்த கையோடு நைசாக உள்ளே இழுத்துக் காட்டுவார். ஓர் ஆட்டத்தில் நூறுக்கும் மேற்பட்ட தடவை ஒருவர் இதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இந்த வேலையின் கஷ்டத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேசியதில்லை.

ஆனால் தவறு இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால்தான் அது வெறும் தவறு. ஒரு பக்கமே சாய்ந்து விழுந்தால் அதற்கு வேறு பெயர். மைதானங்களில் கேமராக்கள் வந்தபிறகு பந்து போன பாதை அங்குலக் கணக்கில் பதிவாகிறது. பொருளாதார ஆய்வாளர்கள் அதை எடுத்துவைத்து அம்பயர்களின் தீர்ப்போடு ஒப்பிட்டார்கள். மூன்று பால் ஆகி, ஒரு ஸ்ட்ரைக்கும் ஆகாதபோது அந்தப் பெட்டி பெரிதாகிறது. இரண்டு ஸ்ட்ரைக் ஆகி, ஒரு பாலும் ஆகாதபோது சுருங்குகிறது. அதாவது ஆளை வெளியேற்றும் தீர்ப்பையும் சும்மா அனுப்பும் தீர்ப்பையும் தன் வாயால் சொல்ல மனிதர் தயங்குகிறார். சொந்த ஊர் அணிக்குச் சாதகமாகக் கொஞ்சம் சாய்கிறார். 2014-இல் வந்த இன்னோர் ஆய்வு, நட்சத்திர வீரர்களை மட்டும் சேர்த்து நடத்தும் ஆல்-ஸ்டார் ஆட்டங்களுக்கு அதிகம் தேர்வான பிட்ச்சர்களுக்கு, வெளியே போன பந்துகூட ஸ்ட்ரைக்காகும் வாய்ப்பு கூடுகிறது என்று காட்டியது. பெயர் பெற்றவனுக்கு ஓர் அங்குலம் கூடுதல்.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு விஷயம் துலங்கியது. யாரும் பைரேட்ஸைத் தோற்கடிக்க உட்கார்ந்து திட்டம் போடவில்லை. நட்சத்திரங்களை வைத்துக்கொள்ளப் பணம் இல்லாத அணிக்குச் சந்தேகத்தின் பலன் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். அது எதிரே நிற்பவனுக்குப் போகிறது.

நான் இதை எங்கிருந்து இவ்வளவு சுலபமாகப் புரிந்துகொண்டேன் என்றால், எடைமேடையிலிருந்து.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. சின்ன வயதில் அப்பாவோடு இலை கொடுக்கப் போவேன். பறித்த இலையை மூட்டையாகக் கட்டித் தலையில் சுமந்து, ரோட்டோரம் இலை எடை போடும் ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். எடை போடுகிறவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். தண்ணீர் இருக்கிறது என்பார். முற்றிய கரட்டு இலை அதிகம் என்பார். மூன்று கிலோ கழிவு, நான்கு கிலோ கழிவு. அந்த மூன்றும் நான்கும் எந்தத் தராசிலும் ஏறியதில்லை. அவர் கண்ணும் கையும் சொல்வதுதான் கணக்கு. எங்களுக்குப் பின்னால் நிற்கும் பெரிய தோட்டக்காரரின் மூட்டையும் அதே மழையில் நனைந்துதான் வந்திருக்கும். அதற்கு ஒரு கிலோ கழிப்பார், சில நாள் அதுவும் இல்லை. அப்பா, "தம்பி, கொஞ்சம் பார்த்துப் போடப்பா" என்பார். அவரும் மரியாதையாகத்தான் பதில் சொல்வார். "இல்லண்ணே, இலை ஈரம்." அதற்குள் மூட்டை அவிழ்த்துக் கொட்டப்பட்டு மற்ற இலையோடு கலந்திருக்கும். அதன்பிறகு எதை வைத்து வாதாடுவது?

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்திருக்கிறார். எங்கள்மேல் அவருக்கு எந்தப் பகையும் கிடையாது. அதனால்தான் அது வலித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பிறகு நானே இலை பார்க்கிற வேலைக்கு வந்தேன். ஃபேக்டரிக்கு வரும் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருப்பது எவ்வளவு, கரட்டு எவ்வளவு என்று பிரித்து எண்ண வேண்டும். சில மாதம் கழித்து என் கை என்னையே எனக்குக் காட்டிக்கொடுத்தது. நல்ல இலை கொடுப்பவர் என்று பெயர் எடுத்தவரின் சீட்டைப் பார்த்தால் மேலாக ஒரு பிடி எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். பெயர் தெரியாதவர் மூட்டை என்றால் அடிவரை கையை விட்டுத் துழாவுகிறேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. காசு வாங்கவில்லை. கை தானாகச் செய்தது. அன்றிலிருந்து பிடி எடுத்து எண்ணி முடித்தபிறகுதான் சீட்டைத் திருப்பிப் பார்ப்பேன். அதனால் அம்பயர் விலைபோய்விட்டான் என்று யாராவது கத்தினால் என்னால் கூடச் சேர்ந்து கத்த முடிவதில்லை. அதே சமயம், சாய்வே இல்லை, எல்லாம் தோற்றவன் புலம்பல் என்று சொல்கிறவர்களோடும் ஒத்துப்போக முடிவதில்லை.

ரசிகனாக வந்தபிறகு பழைய கதைகளையும் தோண்டிப் படித்தேன். 1992 அக்டோபர் 14, அதே அட்லாண்டாவில், தேசிய லீக் பட்டத்துக்கான தொடரின் ஏழாவது ஆட்டம். ஜெயித்தால் உலகத் தொடர். ஒன்பதாவது இன்னிங்ஸ் பின்பாதி தொடங்கும்போது பைரேட்ஸ் 2-0 என்று முன்னிலை. ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் அன்று ஆட்டத்தைத் தொடங்கிய அம்பயர் ஜான் மெக்‌ஷெர்ரிக்கு நடுவில் உடம்பு முடியாமல் போய் மருத்துவமனைக்குப் போனார். முதல் பேஸில் அம்பயராக இருந்த ராண்டி மார்ஷ் அந்த இடத்துக்கு வந்தார். கடைசி இன்னிங்ஸில் அட்லாண்டாவின் டேமன் பெரிஹில்லுக்கு எங்கள் பிட்ச்சர் ஸ்டான் பெலிண்டா எறிந்த பந்து ஸ்ட்ரைக்காக இருந்திருக்க வேண்டும் என்று பிட்ஸ்பர்க்காரர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். பால் என்று தீர்ப்பு, அவர் இலவசமாக முதல் பேஸுக்குப் போனார். பிறகு இரண்டு அவுட் ஆன நிலையில் ஃபிரான்சிஸ்கோ கப்ரேரா ஓர் அடி அடித்தார். எங்கள் பாரி பாண்ட்ஸ் எறிந்த பந்து வந்து சேர்வதற்குள் அட்லாண்டாவின் சிட் பிரீம் ஹோம் பிளேட்டில் சறுக்கி விழுந்தார். மெதுவாக ஓடுகிறவர், அதற்கு முன்பு பல ஆண்டு பைரேட்ஸுக்கே ஆடியவர். 3-2. அந்தச் சறுக்கலில் தீர்ப்பு சரிதான், நான் பார்த்த வரையில் சேஃப். அடுத்த ஆண்டு தொடங்கியதுதான் அந்த இருபது ஆண்டுத் தோல்வி.

அதே ஊர், மறுபடியும் ஹோம் பிளேட்டில், அதே கடைசி நேரச் சறுக்கல். 2011-இல் பிட்ஸ்பர்க்கின் வயதானவர்கள் எப்படித் துடித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஆனால் அந்த மெக்‌ஷெர்ரியின் கதை என்னை ரொம்ப நாள் விடவில்லை. 1996 ஏப்ரல் 1, சின்சினாட்டியில் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம் தொடங்கிச் சில பந்துகளே ஆன நேரத்தில் ஹோம் பிளேட்டருகே நெஞ்சுவலியில் சரிந்து விழுந்து இறந்துபோனார். ஐம்பத்தொரு வயது. நாம் திட்டுகிற அந்தக் கறுப்புச் சட்டைக்குள் இருப்பவரும் காலையில் வீட்டில் சொல்லிக்கொண்டு வேலைக்கு வந்தவர்தான்.

2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் நடந்ததும் பலருக்குத் தெரிந்திருக்கும். டெட்ராய்ட் பிட்ச்சர் அர்மாண்டோ கலராகா எதிரணியில் இருபத்தாறு பேரை வரிசையாக வெளியேற்றியிருந்தார், ஒருவரும் முதல் பேஸை எட்டவில்லை. இருபத்தேழாவது ஆளும் அவுட்தான். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப் என்றார். பேஸ்பால் வரலாற்றில் மிக அரிதாக நடக்கும் சாதனை அந்த நொடியில் போனது. வீடியோவைப் பார்த்துவிட்டு ஜாய்ஸ் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அணிப்பட்டியலைக் கொடுக்கும்போது கலராகா அவர் முன் போய் நின்றார், இருவரும் கைகுலுக்கினார்கள். எல்லோரும் அதை மனிதப் பண்பின் உச்சம் என்று கொண்டாடினார்கள். நானும் கண் கலங்கித்தான் பார்த்தேன். ஆனால் அந்தச் சாதனை இன்றுவரை கலராகாவின் பெயரில் இல்லை. மன்னிப்பு வந்தது, ஆட்டம் திரும்பவில்லை. இங்கே எனக்குக் கோபம் ஜாய்ஸ்மேல் இல்லை. தவறு என்று எல்லோருக்கும் தெரிந்த நொடியில், அதைக் கேட்க வழியே வைக்காத விதிமேல்தான்.

அந்த நாட்களில் ஹோம் ரன் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதற்கு மட்டும்தான் வீடியோ பார்க்கலாம். 2008-இல் வந்த விதி அது. சேஃப், அவுட் தீர்ப்புகளை மறுபரிசீலனை செய்ய 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் கிரிக்கெட்டிலும் டி.ஆர்.எஸ். 2008-இலேயே சோதனைக்கு வந்தும் இந்தியா 2016 வரை அதை முழுமையாக ஏற்கவில்லை என்பது நினைவிருக்கலாம். ஆனால் பேஸ்பாலில் ஸ்ட்ரைக், பால் மட்டும் அப்போதும் அம்பயரின் தனிச்சொத்தாகவே இருந்தது. அதைக் குறித்து வாதாடினால் வெளியேற்றிவிடுவார்.

2026 பருவத்திலிருந்து அதுவும் மாறுகிறது. பந்து பெட்டிக்குள் போனதா என்று இயந்திரம் அளந்து சொல்லும் முறை, ஏ.பி.எஸ். என்கிறார்கள். தென்கொரியா 2024-லேயே எல்லாப் பந்தையும் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டது. அமெரிக்கா வேறு வழி எடுத்திருக்கிறது. தீர்ப்பு அம்பயருடையதுதான். ஆனால் ஒவ்வோர் அணியும் இரண்டு தடவை அதைக் கேள்வி கேட்கலாம். கேட்டது சரியாக இருந்தால் அந்த வாய்ப்பு குறையாது. கேட்கும் உரிமை பிட்ச்சர், கேட்சர், மட்டைக்காரர் மூவருக்கு மட்டும். வெளியே உட்கார்ந்திருக்கும் மேனேஜர் கைகாட்டக் கூடாது. தலையில் தட்டிக் காட்ட வேண்டும், அதுவும் உடனே. மட்டைக்காரரின் உயரத்தில் 27 சதவீதம் கீழ்க்கோடு, 53.5 சதவீதம் மேல்கோடு. பந்து எங்கே போனது என்று மைதானத் திரையில் எல்லோருக்கும் படமாகக் காட்டப்படும்.

எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. கொரியாவைப் போல முழுக்க இயந்திரத்திடம் கொடுப்பதைவிட இது மேல். அம்பயர்களைப் பற்றிய 2011 ஆய்வு ஒன்றில் ஒரு விஷயம் இருக்கிறது. பிட்ச்சரும் அம்பயரும் ஒரே இனத்தவராக இருந்தால் ஸ்ட்ரைக் கிடைக்கும் வாய்ப்பு சற்றே கூடுவதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அம்பயர்களைக் கண்காணிக்கும் கேமரா பொருத்திய மைதானங்களில் அந்தச் சாய்வு இல்லை. அதே மனிதர்கள்தான். கேட்க ஆள் உண்டு என்று தெரிந்தால் கை நேராகிறது. எங்கள் பக்கம் எண்கள் ஒளிரும் மின்தராசு வந்தபிறகு எடை போடுகிறவரின் குரலே மாறியதை நான் பார்த்திருக்கிறேன். முள்தராசை அவர் மட்டும்தான் பார்ப்பார். இதை மூட்டை கொண்டுவந்தவரும் பார்க்கலாம்.

இப்போது எங்களிடமும் ஒரு நட்சத்திரம் இருக்கிறார். பால் ஸ்கீன்ஸ். 2025-இல் தேசிய லீக்கின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது அவருக்கு. அவ்வளவு நன்றாக எறிந்தும் அந்த ஆண்டு அவர் கணக்கில் 10 வெற்றி, 10 தோல்வி. இந்த அணியில் இருப்பதன் விலை அது. அவர் எறியும்போது ஓரத்துப் பந்துகள் எங்களுக்குச் சாதகமாக விழுவதும் உண்டு. அப்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, எதிரே நிற்கும் பெயர் தெரியாத பையனைப் பார்த்தால் சங்கடமாகவும் இருக்கிறது. இரண்டும் உண்மை. அந்தப் பையனும் இனி தலையில் தட்டிக் கேட்கலாம்.

போன மாதம் ஒரு விடிகாலை, அப்பாவுக்குத் தூக்கம் வராமல் என்னருகில் வந்து உட்கார்ந்தார். எழுபத்தெட்டு வயது. பேஸ்பால் என்றால் என்ன என்றே தெரியாது. நான் அந்தப் பழைய வீடியோவை எடுத்துக் காட்டினேன். அவன் வெள்ளைப் பலகையைத் தொடணும்ப்பா, அதுக்குள்ள இவன் பந்தால அவனைத் தொடணும், அவ்வளவுதான், என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். இன்னொரு தடவை போடு என்றார். போட்டேன்.

"தொட்டுட்டானே."

"ஆமாப்பா."

"அவுட் குடுக்கலையா?"

"குடுக்கல. மறுநாள் தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப ஆட்டத்தை மாத்திட்டாங்களா?"

"இல்லப்பா. அது அப்படியேதான்."

அப்பா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தப் பந்து புடிச்ச பையனுக்கு என்ன வயசிருக்கும்?" என்று கேட்டார்.